நடவடிக்கைக் குறிப்பு, பத்தி பதினேழு

ஹார்மாயார்வி நகராட்சியில்
இருபத்திரண்டு வருடமாகக் குறிப்பெழுதுகிறேன்.
யார் இருமினார்கள் என்று எழுதுவதில்லை.
யார் தூங்கினார்கள் என்றும்.

நவம்பர் கடைசிச் செவ்வாய்.
பிற்பகல் மூன்றுக்கே ஜன்னல்கள் கறுத்துவிட்டன.
பத்தி பதினேழு:
பள்ளியிலிருந்து ஆற்றங்கரை ஊர்களுக்குப் போகும்
ஐந்தே முக்கால் பேருந்தை நிறுத்துவது.
மிச்சம், ஆண்டுக்கு முப்பத்தோராயிரம் யூரோ.

இளைஞர் மன்றத்துக்கு எங்களிடம் ஒரு நாற்காலி உண்டு.
பெயர்ப்பலகை உண்டு, மைக் உண்டு,
ஒரு தம்ளர் தண்ணீர் உண்டு.
வாக்களிக்கும் பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும்
வட்டமாக ஒரு பிளாஸ்டிக் மூடி.
ஹில்லா அதைத்தான் நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள்.
பதினாறு வயது.
பூட்ஸிலிருந்து பனி உருகி
நாற்காலிக்கடியில் ஒரு சின்னக் குட்டை.

அவள் எழுந்தபோது
யாரோ காபிக்குச் சர்க்கரை கேட்டார்.

"உளவியலாளர் வியாழக்கிழமை மட்டும் வருவார்.
நான்கு மணிக்குமேல்தான் நேரம் கொடுப்பார்.
மூன்றே காலுக்கு ஒரு பேருந்து,
அதை விட்டால் ஐந்தே முக்கால்.
எங்கள் வகுப்பில் ஒருவன் இருக்கிறான்.
பெயர் சொல்ல மாட்டேன், வேண்டாமென்றான்.
போன வசந்தத்தில் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான்.
இப்போது சாப்பிடுகிறான்,
வியாழக்கிழமைகளால்.
இதை நிறுத்தலாமா என்று
எங்களில் ஒருவரையாவது கேட்டீர்களா?"

தலைவர் ஹௌதானென் தலையசைத்தார்.
"அழகாகப் பேசினாய்.
உன் வயதில் எனக்கு இந்தத் துணிச்சல் கிடையாது."
கைதட்டினார்கள். உண்மையாகவே தட்டினார்கள்.
பிறகு அதே கைகள் பொத்தானுக்குப் போயின.
பதினைந்து. பன்னிரண்டு.
பேருந்து நின்றது.

நான் எழுதினேன்:
இளைஞர் பிரதிநிதியின் கருத்து கேட்கப்பட்டது.

பழகிய வாக்கியம் அது.
விரல்களே தட்டிவிடும், நான் யோசிக்க வேண்டியதில்லை.
எத்தனை பிள்ளைகளை அதற்குள் மடித்து வைத்திருக்கிறேனோ.

வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வந்தாள்.
கையில் வரைவின் பிரதி,
ஒரு வரிக்கு அடியில் பென்சில் கோடு.
"நான் கருத்துச் சொல்லவில்லை, கேள்வி கேட்டேன்.
நீங்கள் காதால் கேட்டதை எழுதியிருக்கிறீர்கள்.
நான் வாயால் கேட்டது எங்கே?"

திருத்தம் கோரும் உரிமை உறுப்பினர்களுக்குத்தான்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
அவள் நின்றுகொண்டே இருந்தாள்.
"பேசியவர்" என்றுதான் அச்சாகியிருந்தது.
உறுப்பினர் என்று இல்லை.
இத்தனை வருடம் அதை நான் வாசித்த லட்சணம்.

திருத்தினேன்:
இளைஞர் பிரதிநிதி ஒரு கேள்வி கேட்டார்.
பதில் தரப்படவில்லை.

கையெழுத்திடுமுன் தலைவர்
கண்ணாடியை மாட்டினார், கழற்றினார்.
"இது அவசியமா?"
"நடந்தது" என்றேன்.
பதிலில்லாத கேள்வி அடுத்த கூட்டத்தில்
முதலாவதாக வரவேண்டும். அதுவும் விதி.
அந்தப் பக்கத்தை யாரும் புரட்டி
நான் பார்த்ததில்லை.

வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள்.
அடுத்த கூட்டம் ஜனவரியில்.
டிசம்பரில் பேருந்து இல்லை,
குளிர் மைனஸ் பத்தொன்பது.

நேற்று வேலை முடிந்து ஆற்றோரச் சாலையில் போகும்போது
கார் வெளிச்சம் எட்டும் தூரத்தில்
ஒன்று, இரண்டு,
இல்லை, ஐந்து
ஒளித்தகடுகள், கோட்டுகளில் தொங்கி ஆடின.
அவை தாமாக எரிவதில்லை.
விளக்கடித்தால்தான்
அங்கே ஆளிருப்பது தெரியும்.

நிறுத்தினேன்.
ஓட்டுகிற என்னைத் தவிர நான்கு பேருக்குத்தான் இடம்.
யார் ஏறுவது, யாருக்காகத் திரும்பி வருவது என்று
நானே சொல்லத் தொடங்கி,
பாதியில் விட்டுவிட்டு
அவர்களைக் கேட்டேன்.

பேசி முடிக்க நேரமாயிற்று.
கதவு திறந்தே கிடந்தது,
குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது.